எங்கூட்டுப் பூனை

செகந்திராபாத் மெட்டுகுடாவில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. விடுமுறை நாளின் மத்தியானங்களில் அந்தச் சந்து தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கும். எல்லாச் சத்தமும் தூரத்திலிருந்துதான் வரும். ஸ்டேஷன் பக்கம் ஓர் எஞ்சின் ஊதினால், அந்த ஊதல் வழியெல்லாம் கரைந்து கரைந்து, கொஞ்சமே மிச்சமாகி சன்னல் கம்பியருகில் வந்து நிற்கும். மதில்களின் மேல் பூனைகள் நடக்கும். எங்கேயும் போகிறதாகத் தோன்றாது. மதில்தான் அவற்றின் கீழே மெதுவாக நகர்கிறது என்று தோன்றும்.

சந்தின் நடுவில் மாடிப் போர்ஷனில் கனகவல்லி குடியிருந்தாள். அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கோபிசெட்டிபாளையத்துக்காரி. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்கள் எல்லாரும் கோபியில் இருந்தார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. இந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஹப்சிகுடாவில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் அவளுக்கு வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை அழுத்தி அந்தப் பேச்சை ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடி டைப் அடிக்க வேண்டும். எட்டு மணி நேரம் யார் யாருடைய நெஞ்சுவலியும் முதுகுவலியும் அவள் காது வழியே நுழைந்து விரல் வழியே வெளியேறும். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தார்நாக்கா தாண்டி வரும்போது, தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அந்தப் பூனை மாடிப்படி ஏறி வந்தது. அப்போது குட்டி. உடம்பெல்லாம் வெள்ளை, வால் மட்டும் மையில் தோய்த்து எடுத்ததுபோல் கறுப்பு. சுருண்டு படுத்தால் வெள்ளைத் தாளில் ஒரு கமா போட்டு வைத்தமாதிரி இருந்தது. நாளெல்லாம் டாக்டர்கள் நிறுத்தற்குறிகளையும் சேர்த்து 'கமா', 'கமா' என்று சொல்லக் கேட்பவளுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

கீழ்வீட்டில் வீட்டுக்காரி புஷ்பம்மா இருந்தாள். குடிவந்த அன்றே, தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சில், நாயும் பூனையும் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் படியில் கமாவைப் பார்த்துவிட்டு, "இது மீதா?" என்று கேட்டாள். உங்களுடையதா என்று அர்த்தம்.

"அது எங்கூட்டுப் பூனை இல்லீங்க. சும்மா வருது, போகுது," என்றாள் கனகவல்லி.

சொல்லிப் பார்த்தபோது அது பொய் என்றுகூட அவளுக்குப் படவில்லை. கமா உண்மையிலேயே வந்தது, போனது. காலையில் பாலும் கருவாட்டுத் துண்டும் தின்றுவிட்டு, அவள் வேலைக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதே சன்னல் வழியாக வெளியேறிவிடும். சாயங்காலம் அவள் வருவதற்கும் அது வருவதற்கும் சரியாக இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் எங்கே போகிறது? பெடலை அழுத்திக்கொண்டே அவள் அதை நினைத்துப் பார்ப்பாள். இப்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் நடக்கும். இப்போது காய்ந்துகொண்டிருக்கும் புடவைகளின் இடையில் புகுந்து வரும், பச்சை வெளிச்சம், பிறகு மஞ்சள் வெளிச்சம். இப்போது குடியிருப்பின் வேப்பமரக் கிளையில் படுத்துக்கொண்டு ரயில் பெட்டிகளை எண்ணும். காதுக்குள் ஒருவர் யாருடைய பித்தப்பையையோ விவரித்துக்கொண்டிருப்பார். அவளோ மதில்மேல் நான்கு கால்களில் போய்க்கொண்டிருப்பாள். அந்த இரண்டு வருஷமும் அவள் உலாவினது பூராவும் அந்தப் பூனையின் கால்களால்தான்.

நடுவில் இரண்டு முறை கமாவின் வயிறு பெருத்தது, இரண்டு முறை சுருங்கியது. குட்டிகளை எங்கே போட்டது என்று தெரியவில்லை. எங்காவது பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள்.

எதிர்ச்சாரியில், சந்தின் கடைசி மாடியில், நாராயணசாமி புறா வளர்த்தார். லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தோடு செகந்திராபாத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இதே ஊர். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கூண்டுகளைத் திறந்து சீட்டியடிப்பார். நாற்பது புறாக்கள் ஒரே உடம்பாக எழுந்து, ஒருபக்கம் சாயும்போது சாம்பலாகவும் மறுபக்கம் சாயும்போது வெள்ளியாகவும் மாறி, சந்தின் மேலே சுற்றிச் சுற்றி வரும். கனகவல்லி காபி டம்ளரோடு பால்கனியில் நின்று பார்ப்பாள். அவரோடு ஒரு வார்த்தை பேசினதில்லை.

அவரிடம் பறக்காத ஜோடி ஒன்றும் இருந்தது. லக்கா என்ற ஜாதி, பால்வெள்ளை. மயில் தோகைபோல் வாலை விரித்துக்கொண்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் நடக்கும். பறக்கத் தெரியாதது அதற்கு ஒரு குறையாகவே தெரியாது.

ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு பெய்த மழையில் சந்து கழுவிவிட்டதுபோல் இருந்தது. கனகவல்லி தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது அறைக்குள் வெள்ளையாக என்னவோ மிதந்துகொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் ஒரு சிறிய இறகு. அது கீழே இறங்காமல் அவள் முகத்துக்கு நேராக வந்து, விலகி, கட்டிலின் அடியில் போயிற்று. குனிந்து பார்த்தாள். கமா அங்கே இருந்தது. அதன் முன்னால் லக்காப் புறா விரிந்த வாலோடு கிடந்தது. கமா நிமிர்ந்து அவளைப் பார்த்துக் குழைந்து கத்தியது. பரிசு கொண்டுவந்த குரல்.

கனகவல்லி கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பூனையை விலக்கிவிட்டுப் புறாவை எடுத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சுற்றினாள். காய்கறி வாங்கும் பைக்குள் வைத்து, சந்து முக்கிலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

அன்று பூராவும் அந்த மாடியிலிருந்து தானிய டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆவ், ஆவ், ஆவ்" என்று கூப்பிடும் குரல். எஞ்சின் ஊதல் மாதிரியே அதுவும் மெதுவாகக் கரைந்து அவள் சன்னல்வரைக்கும் வந்து நின்றது.

சாயங்காலம் நாராயணசாமி சந்தில் இறங்கி வந்தார். கையில் நாலைந்து இறகு. கைப்பிடிச் சுவரில் கிடந்ததாம். ஏற்கனவே சந்தில் பூனைத் தொல்லையைப் பற்றிப் பேச்சிருந்தது. வண்டி சீட்டைக் கிழிக்கின்றன, மாடிப்படியில் மூத்திர நாற்றம், விடிகாலையில் குழந்தை அழுகிறாற்போல் சண்டை. பத்துப் பேர் கூடினார்கள். கோணிப்பையில் பிடித்துக்கொண்டு போகிற ஆள் ஒருவன் மௌலாலியில் இருக்கிறான், அடுத்த ஞாயிறு டிராலி ஆட்டோவோடு வரச் சொல்லலாம், கட்கேசர் தாண்டிக் காட்டுப்பக்கம் விட்டுவிடுவான் என்று முடிவாயிற்று.

நாராயணசாமி ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கனகவல்லி படியிறங்கி நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார். "அந்தக் கறுப்பு வால் வெள்ளப் பூன, உங்க வீட்டுக்குத்தானே வருது?"

"வருதுங்ணா. ஆனா எங்கூட்டுப் பூனை இல்லீங்க."

"அப்ப சரி," என்றார். "புடிக்கறப்ப கதவ சாத்திக்குங்க."

அந்த வாரம் அவளுக்குச் சரியாக ஓடவில்லை. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் மேல் வெள்ளையாக இறகு ஒட்டியிருப்பதுபோல் தெரியும். பார்த்தால் நூல் பிசிறாக இருக்கும். ஒருநாள் கனவில் அவள் டைப் அடித்துக்கொண்டே இருக்கிறாள், தாளில் எழுத்து விழவில்லை, இறகுகளாக விழுகின்றன, ஒவ்வொரு வரியையும் ஊதி ஊதித் தள்ளுகிறாள். கமா வழக்கம்போல் சன்னல் வழியாகப் போய் வழக்கம்போல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் தீர்ந்தது என்று முதலில் நினைத்தாள். மற்றவை? மற்றவை யாருடையவையோ.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பதிவு வந்தது. வயதான டாக்டர் ஒருவரின் குரல், மூச்சுவிட்டுப் பேசுகிற குரல். எழுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு நுரையீரலில் நீர். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னோம், மறுத்துவிட்டார் என்றார். ஏன் என்பதையும் பதிவு செய்தார். தன் வீட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை, ஒரு பூனை இருக்கிறது, அதற்குத் தானே பொறுப்பு என்கிறார். அதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டு நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். டாக்டர் அடுத்து மருந்துகளுக்குப் போய்விட்டார்.

கனகவல்லி பெடலிலிருந்து காலை எடுத்தாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். எங்கேயோ பனி பெய்கிற ஊரில், மூச்சு வாங்க, தட்டில் ஏதோ எடுத்து வைக்கும் ஒரு கை அவளுக்குத் தெரிந்தது. 'அதற்குத் தானே பொறுப்பு' என்ற வரியை டைப் அடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

அதே ஆபீஸில் சிஸ்டம்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன் ஃபெலிக்ஸ். தூத்துக்குடிப் பையன், முப்பது வயதிருக்கும். சனிக்கிழமைகளில் இவனும் இவன் சிநேகிதர்களும் தெருப்பூனைகளைப் பிடித்து ஆபரேஷன் செய்து விடுகிறார்கள் என்று ஆபீஸில் கேலியாகப் பேசிக்கொள்வார்கள். அவள் அவனிடம் போனாள். சந்துக் கதையைச் சொன்னாள், புறாவைச் சொல்லவில்லை.

"அள்ளிட்டுப் போனா தீராதுக்கா," என்றான் ஃபெலிக்ஸ். "முக்குல குப்பத்தொட்டி இருக்குல்லா? சோறு இருக்குத எடத்துக்கு ரெண்டு மாசத்துல வேற பத்து பூன வந்துரும். அதுவும் குட்டி போடும். இருக்குததுக்கு ஆபரேஷன் பண்ணி, இருந்த எடத்துலயே விட்டுட்டம்னா, அது புதுசா ஒண்ண உள்ள விடாது. சண்டையும் கொறையும். கூட்டமும் வருசத்துக்கு வருசம் கொறையும். கொண்டு போய்க் காட்டுல விட்டா என்னக்கா ஆவும்? தெரியாத எடம். செத்துத்தான் போவும்."

"எத்தன நாளாகும் தம்பி?"

"மூணு வாரம் இருந்தா போதும். ஆனா தெருக்காரங்க சம்மதிக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "நீங்க பூன வளக்கியளாக்கா?"

அவள் அவன் மேஜைமேல் கிடந்த கேபிளைப் பார்த்தாள்.

"வளத்தா மொதல்ல அதுக்குப் பண்ணுங்க. ஊசி போடுங்க, வீட்டுக்குள்ள வைங்க. நம்ம பூனைய வெளிய விட்டுட்டுத் தெருப்பூனைய கொற சொல்லப்பிடாதுல்லா?" அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டே போய்விட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாராயணசாமி வீட்டு மாடிக்கு ஏறினாள். செங்குத்தான இரும்புப் படி. மேலே வேறொரு ஊர் இருந்தது. கம்புத் தானிய வாசனை, மரக்கூண்டுகள், தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்ளும் புறாக்கள். நாராயணசாமி பனியனும் லுங்கியுமாக ஒரு கூண்டின் முன் குத்தவைத்திருந்தார். உள்ளே அந்த இன்னொரு லக்கா, ஆண் புறா, நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்ணா," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அந்தப் புறாவப் புடிச்சது எங்கூட்டுப் பூனைதானுங்ணா."

அவர் திரும்பவில்லை.

"கட்டிலுக்கடியில கொண்டாந்து வெச்சிருந்துச்சு. நாந்தான் பேப்பர்ல சுத்திக் கொண்டுபோயிப் போட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"முக்குத் தொட்டியிலீங்க."

"தொட்டியில." அவர் அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கைக்கு? ஏன் அன்னிக்கே சொல்லல? பூனதான்னு புத்தி சொல்லுது. மனசு கேக்குதா? தத்தித் தாவி, வழி தப்பி எங்கியாவது உக்காந்திருக்கும்னு ஆறு நாளா மாடி மாடியா ஏறி டப்பா தட்டறேன் நான். ஒரு குழி தோண்டியிருப்பேன். அதுகூட இல்லாம..."

கூண்டுக்குள் கைவிட்டுக் காட்டினார். இரண்டு முட்டை இருந்த இடம், இப்போது வைக்கோல் மட்டும். "ஒத்தையா அடகாக்க முடியாது இதால. எடுத்து வேற ஜோடிகிட்ட வெச்சிருக்கேன். பொரிக்குமோ என்னமோ. இது தெனம் சாயங்காலம் இங்கியே வந்து நிக்குது."

கனகவல்லி அழுதுவிட்டாள். அவர் அதைப் பார்க்க விரும்பாதவர்போல் எழுந்து தானிய டப்பாவை மூடினார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஃபெலிக்ஸ் சொன்னதையெல்லாம் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். மூன்று வாரம் தாருங்கள், எங்கள் வீட்டுப் பூனை இனி வெளியே வராது, உங்கள் கூண்டுக்கும் நானே வலை வாங்கித் தருகிறேன்.

"நக்கோ," என்றார் நாராயணசாமி, வேண்டாம் என்று. "உங்க வலையும் நக்கோ, ஒண்ணும் நக்கோ. நாளைக்கு அவன் வருவான். இப்ப எறங்குங்க, வெளிச்சம் போறதுக்குள்ள."

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிராலி ஆட்டோ சந்துக்குள் வந்தது. கோணிப்பைகளும் நீளமான சுருக்குக் கம்பிகளுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். சந்து முழுக்க வாசல்களில் வேடிக்கை பார்க்க நின்றது. புஷ்பம்மா பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள். கனகவல்லி மூங்கில் கூடையில் கமாவை வைத்து, மேலே துண்டைக் கட்டி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். சந்து நடுவில் வந்து நின்றாள். எட்டு மணி நேரம் மற்றவர்களின் பேச்சை மட்டுமே கேட்டுப் பழகியவளுக்குத் தன் குரல் யாரோ பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. இது எங்கூட்டுப் பூனைங்க. ரெண்டு வருசமா நாந்தான் வளத்தறேன். புறாவப் புடிச்சது இதுதான். நான் வெளிய விட்டதாலதான் புடிச்சுது. மத்த பூனைக மேல தப்பில்லீங்க. மூணு வாரம் குடுங்க, எல்லாத்துக்கும் ஆபரேஷன் பண்ணித் தர்றோம். இனிமே குட்டி போடாது. இதுகளக் காட்டுல கொண்டுபோயி விட்டுறாதீங்க."

யாரோ சிரித்தார்கள். யாரோ, இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லை என்று தெலுங்கில் சொன்னார்கள். கம்பி வைத்திருந்தவன், பிடிக்கவா வேண்டாமா என்று மேலே பார்த்தான். நாராயணசாமி மாடிச் சுவரில் கையூன்றி நின்றிருந்தார். பிறகு அவரைக் காணவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கீழே வந்தார்.

"நக்கோ பாய், இன்னிக்குப் போ," என்றார் அவனிடம். சந்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "இந்தச் சந்துல குப்ப யாருதுன்னா, யாருதும் இல்ல. சாக்கட அடச்சா யாருதும் இல்ல. பைப்பு ஒடஞ்சா யாருதும் இல்ல. நாப்பது வருசமா நானும் கேக்கறேன். இந்தம்மா ஒருத்தி நடுவுல நின்னு என்னுதுன்னு சொல்லுது. ஹவ், சரி, மூணு வாரம். அதுக்கப்புறம் ஒரு பூன எம் மாடியில கால வெச்சா, கோணிய நானே புடிப்பேன்." அவள் முகத்தைப் பாராமல் திரும்பிப் போனார்.

புஷ்பம்மா வாய் கொப்பளித்துத் துப்பினாள். "ரெண்டு வருஷமா என் படி பூரா கருவாட்டு வாசன. எனக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றாள். காலி செய்யச் சொல்லவில்லை. படியை வாரம் இரண்டு முறை பினாயில் போட்டுக் கழுவ வேண்டும் என்று மட்டும் சட்டம் போட்டாள்.

தார்நாக்காவில் மாட்டு டாக்டர் ஒருவர் பூனைக்கும் பார்த்தார். படிவத்தில் உரிமையாளர் பெயர் என்று ஒரு கோடு இருந்தது. கனகவல்லி தன் முழுப் பெயரையும் இன்ஷியலோடு எழுதினாள். கம்பவுண்டர் பூனையின் பெயரைக் 'கோமா' என்று எழுதிவிட்டார். அந்த வார்த்தையைத் தினம் வேறு அர்த்தத்தில் டைப் அடிக்கிறவள் பதறிப்போய்த் திருத்தச் சொன்னாள்.

ராணிகஞ்சில் வாங்கிய நைலான் வலையை பால்கனி முழுக்க அடித்தார்கள். முதல் வாரம் கமா வயிற்றில் தையலோடு சன்னலில் உட்கார்ந்து அழுதது. சன்னலை அடைத்தது யார் என்று தெரிந்ததுபோல் அவளைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து அழுதது. கனகவல்லி காதைப் பொத்திக்கொண்டாள். இனிப் பூனைக்கு மதில் இல்லை, புடவைகளின் பச்சை வெளிச்சம் இல்லை, வேப்பங்கிளை இல்லை. தனக்கும் இல்லை. ஆபீஸில் பெடலை அழுத்தும்போது பழக்கத்தில் மனசு மதிலேறப் போய், வலையில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மாலையில் ஒரு நூலில் காகிதத்தைக் கட்டி அறை முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டாவது வாரம் கமா அதைத் துரத்தியது. நாற்பத்து மூன்று வயதில் கட்டிலைச் சுற்றி ஓடி, மூச்சிரைத்து, தரையில் உட்கார்ந்து, தான் சத்தமாகச் சிரிப்பதை அவள் கேட்டாள்.

சனி, ஞாயிறுகளில் ஃபெலிக்ஸ் கூண்டுகளோடு வந்தான். உள்ளே மத்தி மீன் வைத்து, பூனை மிதித்தால் கதவு விழுகிற கூண்டு. விழுந்ததும் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட வேண்டும். இருட்டானால் பூனை அடங்கிவிடும். மீன் மிச்சத்தைத் தொட்டியில் அப்படியே கொட்டாமல் கட்டிப் போடச் சொல்லி வீடு வீடாக அவளை அனுப்பினான். பாதிப் பேர் கேட்டார்கள்.

முதல் சனிக்கிழமை நான்கு பூனைகள் விழுந்தன. விரிப்பைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த ஃபெலிக்ஸ் ஓரிடத்தில் நின்றான். "ஏக்கா, இதுக்கும் கறுப்பு வாலுதான். நீங்க கொஞ்சம் வந்து பாருங்க."

அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். இளம்பூனை, ஒரு வயது இருக்கும். வெள்ளை உடம்பு. மையில் தோய்த்த வால். மூன்றாவது கூண்டில் உடம்பெல்லாம் சாம்பல், ஆனால் அதே வால். அடுத்த வாரம் பிடிபட்டதில் இரண்டு. மொத்தம் பிடித்த பதினொன்றில் ஆறு கமாவின் வாலோடு இருந்தன. ஒன்றுக்கு ஒரு கண் கெட்டுப் போயிருந்தது. இன்னொன்று பிள்ளைத்தாய்ச்சி, விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. எங்காவது பிழைத்துக்கொள்ளும் என்று அவள் விட்டவை இங்கேதான், அவள் மாடிப்படிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில்தான், பிழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. கூண்டின் கம்பி வழியே அவை அவளை அந்நியமாகப் பார்த்தன. ஒன்று சீறியது. சீறட்டும் என்று அவள் அப்படியே மண்டியிட்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து, மயக்கத்திலேயே இடதுகாது நுனியைக் கொஞ்சம் கத்தரித்து, தெம்பு வந்த பிறகு அதனதன் இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். தூரத்திலிருந்தே தெரிவதற்காக அந்தக் காது. ஒற்றைக்கண் பூனையை ஃபெலிக்ஸ் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனான். இரண்டு கடுவன் பூனைகள் கடைசிவரை அகப்படவில்லை. அவற்றுக்காக ஒரு கூண்டை ஃபெலிக்ஸ் அவள் வீட்டிலேயே விட்டு வைத்தான்.

நாராயணசாமிக்கென்று வாங்கிய வலைச் சுருளை அவர் வீட்டு கேட்டில் சாத்தி வைத்துவிட்டு வந்திருந்தாள். மூன்று நாள் அது அங்கேயே மழையில் நனைந்துகொண்டு நின்றது. நான்காம் நாள் மாடியில் ஆணியடிக்கிற சத்தம் கேட்டது. முட்டைகளில் ஒன்று பொரிந்தது, மற்றது கூழாகிப் போயிற்று. அவர் சொல்லித் தெரிந்ததில்லை, புஷ்பம்மா சொன்னாள். அவர் அவளை மன்னித்தாரா என்பதும் தெரியாது. சந்தில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார். குப்பைத்தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு நடை கொஞ்சம் தடுமாறும். அது கடைசிவரை போகவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் நன்றாகத் தூங்கிப்போனாள். கமா அவள் வயிற்றின்மேல் ஏறிப் படுத்திருந்தது. அதன் உறுமலும் அவள் மூச்சும் ஒன்றாகி, அறை முழுக்க ஒரு மெல்லிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் சுவரில் வலையின் நிழலைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் அவள் கிடந்தாள். தான் கோபியில் இருக்கிறோமா, இங்கேயா, எத்தனை வயது என்பதெல்லாம் அப்போதைக்கு அவசரமில்லாத சங்கதிகளாக இருந்தன.

கீழேயிருந்து யாரோ கூப்பிடுவது கேட்டது. கனவு என்று விட்டுவிட்டாள். மறுபடி கேட்டது. ஆண் குரல்.

"கனகம்மா! ஓ கனகம்மா!"

பால்கனிக்குப் போய் வலைவழியே பார்த்தாள். நாராயணசாமி சந்து நடுவில் நின்றுகொண்டு, மதில்பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆறு மாதத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல்தடவை.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு, பாருங்க. செவல நெறம். காது ரெண்டும் முழுசா இருக்கு!"

"ஓடிப் போயிருமுங்ணா?"

"இல்ல, போவாது. நான் பாத்துக்கறேன். நீங்க அந்தக் கூண்ட எடுத்துட்டு வாங்க."

கமாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஃபிரிட்ஜைத் திறந்து, முந்தின நாள் வாங்கிய மத்தி மீனில் இரண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு, படுக்கை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் கூண்டோடு செருப்பைத் தேடினாள்.